செத்த பேட்டரியில் பாடிய ரேடியோ

என் உழைப்புக் காலத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "பேட்டரி நிக்க மாட்டேங்குது." தொண்ணூறுகளில் ரேடியோவுக்கும் பிளாஷ் லைட்டுக்கும் அப்படிச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு டிஜிட்டல் கேமராவுக்குச் சொன்னார்கள். இப்போது போனுக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் முகம் மட்டும் மாறவே இல்லை. பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்கிறது என்று டாக்டரிடம் முறையிடுகிற தாயின் முகம் அது.

போன மாதம் அதே முகத்தோடு நானும் ஒரு கடையில் போய் நின்றேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை. அங்கே வேலை செய்கிற சுபாஷினி என் போனைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க கேமரா பாக்கியக்கா தானே? அப்ப இந்த பேட்டரி பிரச்சினைக்கெல்லாம் என்னக்கா செஞ்சீங்க? எழுதிக் குடுங்களேன், எங்க குரூப்புல போடுறேன்."

எழுதினால் நாலு வரியில் முடியாது என்றேன். பரவாயில்லை என்றாள். இளம் பிள்ளைகள் இப்படித்தான், கேட்டுவிட்டுப் பிறகு கஷ்டப்படுவார்கள். படு.

நான் கேமரா திருத்துவதற்காக வேலைக்குச் சேரவில்லை. ரசீது எழுதத்தான் சேர்ந்தேன். ஹட்டனில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த கடை. ரேடியோ, சுவர்க் கடிகாரம், கேமரா எல்லாம் திருத்துவார்கள். கடைக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர். விஞ்ஞான ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்து, ஓய்வு வாங்கிய பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே கடை போட்டவர். ஊரே அவரை மாஸ்டர் என்றது, நானும் மாஸ்டர் என்றேன். ஒரு நாள் கடிகாரத்திலிருந்து தெறித்து ஓடிய ஒரு பொடி ஸ்க்ரூவை நான் நகத்தால் எடுத்துக் கொடுத்தேன். மாஸ்டர் என் விரலைப் பார்த்தார். அடுத்த வாரம் ரசீதுப் புத்தகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு என்னை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார். அம்மாவின் விரல் தேயிலைக் கொழுந்து எடுத்தது, என் விரல் ஸ்க்ரூ எடுத்தது. பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சமெல்லாம் திட்டு.

மாஸ்டர் மேசையில் சில முறைகள் இருந்தன. வேலை தொடங்குமுன் வெள்ளைத் துவாய்த் துணியை விரிக்க வேண்டும். கழற்றுகிற ஸ்க்ரூக்களை முட்டை அடுக்கும் மட்டையில், கழற்றிய வரிசையிலேயே குழி குழியாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும். கேட்டு, பார்த்து, மணந்து, அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடலாம். மணப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் முகர்ந்து பார்ப்பது. முதல் நாள் அவர் "ஒருக்கா மணந்து பாரும்" என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கருகிய வயருக்கு ஒரு வாசம், பூஞ்சணம் பிடித்த லென்ஸுக்கு ஒரு வாசம், கசிந்த பேட்டரிக்கு ஒரு வாசம் என்று போகப் போகத் தெரிந்தது.

கேட்பதற்கும் அவருக்கு ஒரு முறை உண்டு. "என்ன பிழை?" என்று கேட்க மாட்டார். "எப்ப தொடக்கம்?" என்றுதான் கேட்பார். பிறகு, "அதுக்கு முதல் என்ன நடந்தது?"

"சாமான் பொய் சொல்லாது, பிள்ளை. ஆக்களும் பொய் சொல்லமாட்டினம். ஆனா முழுக்கச் சொல்லமாட்டினம்" என்பார். நான் அதை அப்போது ஒரு கிழவரின் புலம்பலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நான் சேர்ந்த முதல் வருஷம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, அரிவாள் ஒன்று விடாமல் பொட்டு வைப்போம். அதே பழக்கத்தில் மாஸ்டர் மின்சாரம் அளக்கும் மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். மாஸ்டர் பஞ்சு எடுத்து மீட்டரைத் துடைத்தார், என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேசைக் காலுக்குப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். "சந்தனம் சாமிக்கும் மேசைக்கும். மீற்றருக்கில்லை." அன்றிலிருந்து எங்கள் கடையில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கியது மேசைக் கால்தான்.

டிஜிட்டல் கேமரா வந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் முழித்தோம். பிலிம் கேமரா பேட்டரி தின்றதே இல்லை என்று சொல்லலாம், இது யானைக் குட்டி போலத் தின்றது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேமராவில் பிழையே இருக்காது. கடிகாரத்துக்குப் போடும் மலிவான பேட்டரியைப் போட்டிருப்பார்கள். பழையதும் புதியதும் கலந்து போட்டிருப்பார்கள், அதில் ஒன்று நொண்டி என்றால் மற்ற மூன்றும் நொண்டி. பின்னால் இருக்கும் திரையை அணைக்காமல் ஊருக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வந்த கொழும்புக்காரர் ஒருவர், புதுப் பேட்டரி காலையிலேயே செத்துவிட்டது என்று சண்டைக்கே வந்துவிட்டார். மாஸ்டர் பேட்டரிகளைக் கழற்றித் தன் ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு, அந்த மனிதரோடு காலநிலை பற்றிப் பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் போட்டால் கேமரா விழித்துக்கொண்டது. குளிரில் பேட்டரி சுருண்டு படுத்துவிடும், சாகாது. அந்த மனிதர் பேட்டரியைத் திரும்பத் தொடவே தயங்கினார் என்பது வேறு கதை.

இதெல்லாம் சின்னச் சின்ன வெற்றி. சுபாஷினிக்கு நான் சொல்ல நினைத்தது கோமதி டீச்சர் கொண்டுவந்த கேமராவைப் பற்றி.

தைப் பொங்கல் முடிந்திருந்த ஒரு புதன்கிழமை. நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார் கோமதி டீச்சர். அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே படிப்பிக்கிறவர். கம்பளித் தொப்பி ஒன்றுக்குள் கேமராவைப் பொதிந்து, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு நல்ல மனிதர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன கேமரா. நாலு பேட்டரி போடுகிற வகை.

"பேட்டரி நிக்க மாட்டேங்குதுங்க அக்கா. புதுசு போட்டா நாலஞ்சு படம். அப்புறம் சிவப்பு லைட்டு மினுக்கிட்டு அணைஞ்சு போயிருது."

"அவசரமா டீச்சர்? வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை காலையில எங்க பள்ளிக்கூடத்துப் பெரிய சார் பேப்பர எல்லாம் எடுத்துக்கிட்டு நுவரெலியாவுக்குப் போறாருங்க. அதுக்குள்ள புள்ளைங்க படம் வேணும். ஐடென்டி கார்டுக்கு."

அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் பதினோராம் வகுப்புக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் பரீட்சை மண்டப வாசலிலேயே கேள்வி கேட்பார்கள். அது யுத்த காலமும்கூட. அட்டை இல்லாத மலையகப் பிள்ளை கொழும்புக்கு பஸ் ஏறினால், எந்தச் சந்தியில் இறக்கி நிறுத்துவார்கள் என்று வீட்டில் இருக்கிறவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த நாட்கள். படம் எடுக்கப் பிள்ளைகளை ஹட்டனுக்குக் கூட்டி வரலாம்தான். ஆனால் கூட வருகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. எத்தனை பேர் வருவார்கள்?

"போன வருஷம் நல்லாப் படிக்கிற புள்ள ஒண்ணு. கார்டு இல்ல. வாசல்ல என்னமோ கேட்டாங்கன்னு பயந்து திரும்பி வந்திருச்சு. நான் வீட்டுக்குப் போயி கூப்பிடுறதுக்குள்ள மலைக்குக் கொழுந்தெடுக்கப் பேர் குடுத்திருச்சுங்க அக்கா. இப்ப காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போறப்ப என்னைப் பாத்தா தலையக் குனிஞ்சுக்குது. இந்த வருஷம் ஒரு புள்ளையவும் விட மாட்டேன்."

இதைச் சொல்லும்போது டீச்சரின் குரல் உயரவில்லை. லயத்துப் பிள்ளை பரீட்சை எழுதி வெளியே வருவது எவ்வளவு சிறிய வாசல் என்று எனக்குத் தெரியும். நானும் அதில் நுழைந்து வந்தவள்தான்.

வெள்ளைத் துவாயை விரித்தேன். மாஸ்டர் உள் மேசையில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் முறைப்படி கேட்டேன்.

"எப்பலேருந்து டீச்சர்?"

"வாணி விழாவுக்குப் படம் எடுத்தேன், நல்லா இருந்துச்சு. கார்த்திகை தீபத்துக்கு எடுத்தப்ப அணைஞ்சிருச்சு."

"நடுவுல என்ன நடந்துச்சு? கீழ விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா? யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?"

"ஒண்ணுமே செய்யலீங்க. அலுமாரியில வச்சுப் பூட்டி, சாவிய நான்தான் வச்சிருக்கேன்."

பார்த்தேன். கேமரா பளிச்சென்று இருந்தது, அந்தக் கடைக்கு வந்த கேமராக்களிலேயே சுத்தமானது. புதுப் பேட்டரி போட்டேன். டீச்சர் சொன்னபடியே நாலு பிளாஷ் அடித்துச் சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. பேட்டரி தொடுகிற தகடுகளையும் சுருள்களையும் அழிறப்பரால் தேய்த்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். மறுபடி நாலு படம். பேட்டரிகளை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கிப் போட்டேன். மறுபடி நாலு படம். கேமரா என்னோடு விளையாடுகிறதா என்று எரிச்சல் வந்தது. உள்ளே சர்க்யூட் போர்டில் எங்காவது கசிவு என்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடிகிற காரியமில்லை.

மாஸ்டர் எழுந்து வந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. "டீச்சருக்குப் பிளேன்டி சொல்லும்" என்றார். இதுவும் அவருடைய முறைதான். முறைப்பாடு மேசையில் வரும், விஷயம் தேத்தண்ணியோடு வரும் என்பார்.

இஞ்சி போட்ட பிளேன்டி வந்தது. டீச்சருக்குக் குளிர் விட்டது, பேச்சும் வந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை, பெரிய சாரின் இருமல், பிள்ளைகளின் குறும்பு என்று போய், காவல்காரரில் வந்து நின்றது.

"எங்க வாட்ச்சர் ஒரு ஆளுங்க. கேமராவுல செத்த பேட்டரியத் தூக்கிப் போட விட மாட்டாரு. வாங்கிக்கிட்டுப் போயி ரேடியோவுல போட்டுக்குவாரு. கார்த்திகைக்குக் குடுத்தது இன்னும் பாடுதுங்க. நாங்க பாடம் நடத்துறோம், அது பாட்டுக்குக் கத்துது."

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"செத்த பேட்டரியா பாடுது?" என்றேன்.

"ஆமாங்க. ஏன்?"

அப்போதுதான் கேமராவிலிருந்து கழற்றிய நாலையும் மீட்டரில் தொட்டுப் பார்த்தேன். நாலும் திடகாத்திரமாக இருந்தன. இத்தனை நேரம் நாங்கள் தேடியது பேட்டரியைத் தின்கிற பூதத்தை. அப்படி ஒரு பூதமே இல்லை. கேமரா பேட்டரியைத் தின்னவில்லை, கேமராவுக்குத் தீனியே போய்ச் சேரவில்லை. பெரும் பசி என்று பார்த்தால் தொண்டை அடைப்பு. சும்மா இருக்கும்போது கொஞ்சம் இறங்கும். பிளாஷ் அடிக்க, லென்ஸ் நீள என்று நிறையக் கேட்கும்போது அடைத்துக்கொள்ளும். உடனே கேமரா, பேட்டரி செத்துவிட்டது என்று தனக்குத் தானே முடிவு கட்டிப் படுத்துவிடும்.

அடைப்பு எங்கே? பேட்டரி மூடியின் உள்பக்கத்தில் இரண்டு தகடுகள் இருக்கும். மூடினால் அவை பேட்டரித் தலைகளை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்காகக் கொஞ்சம் துள்ளிக்கொண்டே இருக்கும்படி செய்திருப்பார்கள். விரலால் அழுத்தினேன். ஒன்று துள்ளியது. மற்றது அசையவில்லை. முகத்தை நான் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன், முதுகில் என்னமோ பிடித்து இறுகிக் கிடக்கிறது. தகட்டின் ஓரத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுப் பஞ்சை ஒற்றினேன். பஞ்சில் மஞ்சள் ஏறியது, மஞ்சளுக்கு நடுவே லேசாகச் சிவப்பு.

"மணந்து பாரும்" என்றார் மாஸ்டர்.

மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் எனக்கு வாணி விழா மண்டபமே வந்துவிட்டது. சந்தனம்.

இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்தோம். அவர் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"அது... சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வச்சோம். புள்ளைங்க வச்சாங்க. அது செஞ்சதில்லையே அக்கா, சாமிக்கு வச்சது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. கேமராவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பொட்டு வைத்தோம் என்று எங்கள் ஆட்களில் யார் சொல்வார்கள்? பொட்டு வைப்பது செய்வதில் சேருமா? மீட்டருக்குப் பொட்டு வைத்த நானே அதைக் கேட்க மறந்திருந்தேன்.

கதை பிறகு முழுசாக வந்தது. பள்ளிக்கூடத்திலேயே பெரிய சொத்து அந்தக் கேமராதான். புத்தகங்களோடு அதையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். அடுத்த வருஷம் பரீட்சை எழுதப் போகும் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டு வைக்கலாம் என்று டீச்சர் அனுமதி கொடுத்தார். கண்ணாடியில் பட்டுவிடக் கூடாது, திரையில் பட்டுவிடக் கூடாது என்று எவ்வளவோ யோசித்து, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் வைக்கச் சொன்னார். அந்த அடியில்தான் பேட்டரி மூடி. பிறகு பன்னீர் தெளித்தார்கள். பூஜை முடிந்ததும் ஈரத் துணியால் வெளியே பளிச்சென்று துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கவனமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

மாஸ்டர் பூதக்கண்ணாடியால் மூடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெளிச்ச தண்ணி இவ்வளவு தூரம் உள்ளுக்கை போகாது. இது ஊத்தின தண்ணி."

"இல்லீங்க சார், தெளிச்சதுதான். நான் பக்கத்துலேயே நின்னேன்."

மாஸ்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறு ஒன்றைச் சொன்னார். தகட்டைக் கழற்றாமல் முதுகைச் சுத்தம் செய்ய முடியாது. தகட்டைப் பிடித்திருப்பது நகத்தளவு பிளாஸ்டிக் கொக்கி. அது உடைந்தால் மூடி பேட்டரியைப் பிடிக்காது, மாற்று மூடி இலங்கையில் கிடைக்காது.

"இப்ப நாலு படமாவது எடுக்குது. உடைஞ்சா அதுவும் இல்லை. உங்கடை சாமான், நீங்கள்தான் சொல்ல வேணும், டீச்சர்."

டீச்சர் கம்பளித் தொப்பியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். நாலு படத்துக்கு நாலு பேட்டரி என்று வாங்கி அந்த வகுப்பை எடுத்து முடிக்க நோர்வூட் கடைகளில் பேட்டரி இருக்குமா என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தத் திரும்பி வந்த பிள்ளையையும் நினைத்திருப்பார்.

"தொறங்க அக்கா" என்றார் என்னைப் பார்த்து.

மாஸ்டர் இடுக்கியை என் பக்கம் தள்ளினார். "உம்மடை விரல்தான். என்ரை கை இப்ப ஆடுது." கொக்கியைச் சுற்றி ஸ்பிரிட் விட்டோம். உடனே நெம்பக் கூடாது, ஊற வேண்டும். ஊறுகிற நேரத்தில் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது என்று மாஸ்டர் இன்னொரு சுற்று பிளேன்டி சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாகப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு எடுத்தேன். நெம்பவில்லை. ஒரு பக்கம் மெல்ல அழுத்தி, மறுபக்கம் அது தானாக வெளியே வரும்வரை காத்திருந்தேன். மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். உடையவில்லை, கழன்றிருந்தது. தகட்டின் முதுகில் காய்ந்த சந்தனம் அடை போலப் பிடித்திருந்தது. சுரண்டிச் சுரண்டி எடுக்க எடுக்கக் கடை முழுக்க வாசம். படியேறிப் போகிறவர்கள், இங்கே என்ன பூஜையா என்று எட்டிப் பார்த்தார்கள்.

தகட்டைத் திரும்பப் பூட்டினேன். விரல் வைத்தால் துள்ளியது. பழைய நாலு பேட்டரியையே போட்டேன், கேமரா செத்ததாகச் சொன்ன அதே நாலு. அது திருந்திவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, படம் எடுத்துக்கொண்டே இருப்பதுதான். டீச்சர் என்னை எடுத்தார். மாஸ்டரை எடுத்தார். யாருக்கும் முகம் காட்டாத மனிதர், அன்றைக்கு ஐடென்டி கார்டுக்குப் போல இரண்டு காதும் தெரிய விறைத்து உட்கார்ந்தார். நாலாவது பிளாஷ் அடித்தது. ஐந்தாவதும் அடித்தது. பக்கத்துத் துணிக்கடை முதலாளி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து, சிங்களத்தில் "மகெத் எகக் கன்ன" என்று, தன்னையும் ஒன்று எடுக்கச் சொல்லிச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நின்றார். அவரை எடுத்தார். அவருடைய கடையில் துணி மாட்டிய பொம்மையை எடுத்தார். படியில் போனவர்கள், வந்தவர்கள், லொத்தர் சீட்டு விற்கிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கவே இல்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே எடுத்தார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி வகுப்பு முழுவதையும் எடுத்து, அன்று மாலையே ஹட்டனுக்கு வந்து ஸ்டூடியோவில் பிரதி போட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் கடைக்கும் வந்து காட்டினார். விறைத்த முகங்கள், தண்ணீர் வைத்து வாரிய தலைகள், எல்லோர் காதும் தெரிந்தது. ஒரு பிள்ளையும் விடுபடவில்லை. வெள்ளிக்கிழமை பேப்பர் நுவரெலியாவுக்குப் போனது. அந்த வருஷக் கடைசியில் அந்த வகுப்பு முழுவதும் அட்டையோடு பரீட்சை மண்டபத்துக்குள் போனது. எல்லோரும் பாஸ் என்று நான் புளுக மாட்டேன். ஆனால் வாசலோடு திரும்பி வந்தவர் யாருமில்லை. போன வருஷம் பயந்து திரும்பிய பெண்ணையும் டீச்சர் வியாழக்கிழமை மலையிலிருந்து பிடித்து இழுத்து வந்து அந்த வெள்ளை வேட்டிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். அவளும் அந்த வருஷம் எழுதினாள்.

அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் பொட்டை எங்கே வைப்பது என்று டீச்சர் கேட்டார். கழுத்தில் மாட்டும் வாரில் வையுங்கள் என்றேன். மாஸ்டர், "மேசைக்காலும் நல்லம்" என்றார்.

மாஸ்டர் இப்போது யாழ்ப்பாணத்தில் மகளோடு இருக்கிறார். காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. போன் எடுத்தால் சுகம் கேட்ட கையோடு இதையும் கேட்பார்: "அந்தத் தண்ணியை ஊத்தினது ஆர் எண்டு தெரிஞ்சதோ?" தெரியாது மாஸ்டர் என்பேன். ஒரு வேலை பாதியில் நிற்பதைப் போல அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் கண் கிளினிக்குக்குப் போனேன். இத்தனை வருஷம் பொடி ஸ்க்ரூவைப் பார்த்த கண், இப்போது பஸ் பலகையையே படிக்க மாட்டேன் என்கிறது. தாதியாக இருந்த பெண் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எப்பலேருந்தும்மா?"

சொன்னேன்.

"கண்ணுக்கு ஏதாச்சும் விட்டீங்களா?"

"ஒண்ணும் விடல மிஸ்."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டிருந்தேன், வாரக் கணக்காக. அது மருந்து விடுவதில் சேருமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னேன். அவள் திட்டவில்லை, பென்சிலால் குறித்துக்கொண்டாள். கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுத்திருக்கிறீர்களே, என்ன தொழில் என்று கேட்டாள். ஹட்டனில் மாஸ்டர் கடையில் கேமரா திருத்தினேன் என்றேன்.

பென்சில் நின்றது. அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"கோமதி டீச்சர் கேமரா?"

"ஆமா."

"நான்தாம்மா ஊத்துனேன்." குரல் அப்படியே பத்தாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "கடைசியா பொட்டு வச்சது நான். சந்தனம் காஞ்சிருச்சு. எல்லாரு பொட்டும் ஒட்டிச்சு, என்னோடது மட்டும் உதிர்ந்து விழுந்திருச்சு. பரீட்சையில பெயிலாயிருவேன்னு பயந்துட்டேன். டீச்சர் தீபத்துக்குத் திரும்புனப்ப பன்னீர் செம்பச் சாச்சு நனைச்சு, மறுபடி வச்சேன். ஊத்துன தண்ணின்னு உங்க மாஸ்டர் சொன்னத டீச்சர் வகுப்புல வந்து சொன்னப்பவும் யார்கிட்டயும் சொல்லல. டீச்சர்கிட்டகூட இன்னும் சொல்லல."

மாஸ்டருக்கு அன்றைக்கே போன் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்று இருந்தது.

"அப்புறம் பொட்டு ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சும்மா" என்றாள், தன் வெள்ளைச் சீருடையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டு. பிறகு என் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, இமையைப் பிரித்து மருந்து விட்டாள். ஒரே ஒரு சொட்டு. இந்தத் தடவை ஊற்றவில்லை.